எடை என்ற கட்டம்

ஜூன் 10, திங்கள்

விடுப்பு முடிந்து இன்று வேலைக்குப் போனேன். பாப்பாவைப் பக்கத்து பிளாக்கில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜோதிமணி அக்காவிடம் விட்டேன். பாப்பாவுக்கு நாலரை மாதம். வேறு மூன்று குழந்தைகள் அங்கே இருக்கின்றன. மூன்றும் குண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவ்வளவு குண்டும் ஆகாது.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிறது. டீம் லீட் ஃபெலிக்ஸ் அண்ணா என் பழைய நாற்காலியைப் புதிதாக வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, எனக்குக் கைப்பிடி இல்லாத ஒன்றை வைத்திருந்தார். "ஆறு மாசம் ரெஸ்ட் எடுத்தாச்சுல்லா, இனி நிமிந்து உக்காரு மக்களே" என்றார். அவருக்கு நாகர்கோவில். ரெஸ்ட் என்ற சொல்லை நான் திருத்தப் போகவில்லை.

பாப்பாவுக்குத் தாய்ப்பால் எடுத்து வைக்க ஒரு இடம் கேட்டேன். உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை சர்வர் அறை மட்டும்தானாம். அங்கே ஏ.சி.யை யாரும் தொடக் கூடாது. ஸ்டூலைப் போட்டு, பம்பை வைத்துக்கொண்டு, சர்வர்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். பம்பும் சர்வரும் ஒரே சத்தத்தில் இரைந்தன. வந்தது கொஞ்சம்தான். அந்தக் குளிருக்கு அப்படித்தான் வரும்.

ஜூன் 11, செவ்வாய்

வேலை கொடுத்துவிட்டார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளும் அவர்களின் அம்மாக்களும் தங்கும் வார்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வேளைக்கு எத்தனை மில்லி பால் என்று தினமும் காலையில் கணக்குப் போட வேண்டும். அன்றைய எடையை வைத்துத்தான் கணக்கு. இப்போது நர்ஸ்கள் கையாலும் போடுகிறார்கள், எங்கள் சாஃப்ட்வேரும் போடுகிறது. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனைக் காலம். ஜூலை முதல் தேதி கைக்கணக்கு நின்றுவிடும். அதற்குப் பிறகு சாஃப்ட்வேர் சொல்வதுதான் பால்.

இன்று காலையில் அது தப்பாகச் சொல்லியிருக்கிறது. ஒன்றேகால் கிலோ குழந்தைக்கு, ஏறக்குறைய இரண்டு கிலோ குழந்தை குடிக்கிற பால். இதற்கு முன்பும் சில தடவை நடந்ததாம். தலைமை நர்ஸ் எமிலி சிஸ்டர் கையால் போட்ட கணக்கு பக்கத்தில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஃபோனில் பேசினேன். அவ்வளவு சின்னக் குழந்தைக்கு அவ்வளவு பால் போனால் எதுக்களித்து மூச்சுக்குள் ஏறிவிடும் என்றார். "உங்களுக்கு அது நம்பருங்க அம்மிணி. எனக்குப் புள்ளையோட நெஞ்சுங்க."

தேதியைத் தள்ளிப்போடலாமா என்று ஃபெலிக்ஸ் அண்ணா மேலே கேட்டார். எப்போதோ ஒன்றிரண்டு தப்புக்காகத் தள்ள முடியாது என்று பதில் வந்துவிட்டது. ஆக, ஜூலைக்குள் நான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜூன் 12, புதன்

இந்தக் கணக்கு நடக்கிற விதத்தை எனக்காகவே எழுதிவைக்கிறேன். மதியம் தூக்கம் சொக்குவதில் எல்லாம் மறந்துபோகிறது.

டேட்டாபேஸில் ஃபங்க்ஷன் என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. அதற்குக் கணக்குத் தெரியாது. குழந்தையின் எடை, பிறந்து எத்தனை நாள், குழாயில் குடிக்கிறதா சங்கில் குடிக்கிறதா என்ற மூன்றையும் எடுத்து, வெளியே சி மொழியில் எழுதிய ஒரு புரோகிராமிடம் கொடுக்கும். அது பழைய புரோகிராம்; எழுதியவர் இப்போது கம்பெனியில் இல்லை. அது கணக்குப் போட்டு மில்லியைத் திருப்பித் தரும். என் வீட்டுக்காரர் கோகுல் மாமாவைக் கடைக்கு அனுப்புவது போலத்தான். நான் சொல்லி அனுப்பியது வெங்காயம், வீட்டுக்கு வந்தது உருளைக்கிழங்கு என்றால், தப்பு சொன்னதிலா, போன வழியிலா, கடையிலா என்று பார்க்க வேண்டும்.

முதலில், கொடுக்கும் வரிசை. எடை இருக்க வேண்டிய இடத்தில் நாள் போகிறதா? இல்லை. சரியாகத்தான் போகிறது.

ஜூன் 13, வியாழன்

ஆபீஸ் ஃபிரிட்ஜில் பால் பாட்டிலின் மேல் யாரோ மீன்குழம்பு டப்பாவை வைத்திருந்தார்கள். பாட்டிலில் நிறைய இல்லை. பாட்டில் பெரிது, அதனால் அப்படித் தெரிகிறது.

ஜூன் 14, வெள்ளி

இன்றும் ஒரு குழந்தைக்குத் தப்பு. இந்த முறை குறைவாக. பக்கத்தில் இருந்த நாலு குழந்தைக்கும் சரி. மூன்று மணிக்கு நான் திறந்து பார்க்கையில் அந்தக் குழந்தையின் விவரங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன; எடையும் இருந்தது. அதே எண்களை என் கணினியில் கொடுத்துப் பார்த்தேன். சரியான பால் வந்தது. திரும்பவும் கொடுத்தேன். திரும்பவும் சரி. அழும் குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோனதும் சிரிக்குமே, அந்த மாதிரி.

காலையில் ஃபங்க்ஷன் எதை அனுப்பியது என்று அந்த நேரத்திலேயே பதிவுசெய்ய ஓர் ஏற்பாடு வேண்டும். ஆஸ்பத்திரி சர்வரில் அதைச் சேர்க்க மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அனுப்பியிருக்கிறேன்.

பாப்பாவை எடை பார்க்கக் கூட்டிப்போகவில்லையா என்று மாமா கேட்டார். போன தடவை ஊசி போட்டபோது டாக்டர் வரச் சொன்னதுதான். சும்மா ஒரு பார்வைக்கு. இந்த வாரம் வேலை நெருக்கடி.

ஜூன் 16, ஞாயிறு

துணி மடித்தேன். பாப்பாவுக்கு மூன்று மாதத்துக்கென்று வாங்கிய சட்டைகள் இன்னும் சரியாகவே இருக்கின்றன. இப்போதெல்லாம் அளவு பெரிதாகத் தைக்கிறார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

இரண்டு குழந்தைக்குத் தப்பு.

ஃபெலிக்ஸ் அண்ணா வந்து என் மேஜையில் உட்கார்ந்தார். எடையைத் தசமத்தோடு அனுப்புகிறோம். வாங்குகிற பக்கம் அதற்கு எடுத்துவைத்த இடம் சின்னதாக இருந்தால் எண் சிதைந்துவிடும், அதைப் பார் என்றார். பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு. மதிப்பையே கொடுக்கிறோமா, மதிப்பு மெமரியில் இருக்கும் முகவரியைக் கொடுக்கிறோமா என்று பார் என்றார். முகவரியைத்தான் கொடுக்கிறோம், அவர்களும் முகவரி என்றுதான் வாங்குகிறார்கள். "அப்போ பேய்தான்" என்றுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சி புரோகிராமை முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். எடை வந்திருக்கிறதா என்று பார்த்து, வந்திருந்தால் மட்டும் எடுத்துக்கொள் என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறது. கவனமான ஆள். மேலே போனேன்.

சாயங்காலம் எடை பார்க்கப் போகலாமா என்று மாமா கேட்டார். செவ்வாய்க்கிழமை கிளம்பி எங்கேயும் போக வேண்டாம் என்றேன். அவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பம்ப் செட் கம்பெனியில் விற்பனையில் இருக்கிறார். நாள் முழுக்கப் பேசிவிட்டு வருகிறவர், வீட்டில் கொஞ்சமாகத்தான் பேசுவார்.

ஜூன் 20, வியாழன்

ஜோதிமணி அக்கா சாயங்காலம் வாசலிலேயே நிறுத்திவைத்துச் சொன்னார். "பாட்டில முடிச்சுட்டு வெறும் நிப்பிளையே சப்பிட்டு இருக்குதுங்க பாப்பா. இன்னொரு வாய் இருந்தாக் கொண்டாந்து குடுங்களே." பல் வரும் நேரத்தில் எதையாவது சப்பிக்கொண்டிருக்கும் என்று விளக்கினேன். நாலரை மாதத்திலா என்று கேட்டார். சில குழந்தைகளுக்கு வரும்.

ஆஸ்பத்திரிக் கையெழுத்துகளில் இரண்டு வந்துவிட்டன. மூன்றாமவர் தங்கை கல்யாணத்துக்குப் பழனி போயிருக்கிறார்.

ஜூன் 21, வெள்ளி

தப்பு. இதுவரை வந்ததிலேயே பெரிய தப்பு. இரட்டைக் குழந்தைகளில் சின்னதற்கு, பக்கத்துக் கட்டிலில் கிடந்த வேறொரு பெரிய குழந்தையின் பால். எமிலி சிஸ்டர் நம்பரைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தார். முதல் தேதிக்குப் பிறகு இதைப் பார்க்க இரண்டாவது கணக்கு இருக்காது, ராத்திரி டியூட்டிக்குப் புதுப் பிள்ளைகள் வருவார்கள், திரையில் இருப்பதை அப்படியே ஊற்றிவிடுவார்கள் என்றார். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

சர்வர் அறையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பம்ப் ஓடியது. ஓடியது என்று மட்டும் எழுதுகிறேன்.

ஜூன் 24, திங்கள்

எல்லாம் சரி. திங்கட்கிழமையும் புதன்கிழமையும் இது நல்ல பிள்ளை.

அப்படி எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இந்த வரியை 28ஆம் தேதி சேர்த்தேன்.

ஜூன் 26, புதன்

நேற்றும் ஒரு குழந்தைக்குத் தப்பு. பழனியிலிருந்து வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஃபங்க்ஷன் அனுப்புவதை எல்லாம் காலையிலேயே பதிவுசெய்யும்படி வைத்தாயிற்று. இன்றைய பதிவைப் பார்த்தோம். எடை போயிருக்கிறது, நாள் போயிருக்கிறது, பால் சரியாக வந்திருக்கிறது. ஃபெலிக்ஸ் அண்ணா, "ஆள் வச்சுப் பாத்தா பேய் வராதுல்லா" என்றார்.

ஜூன் 27, வியாழன்

இன்றும் எல்லாம் சரி. இன்னும் மூன்று நாள். நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அண்ணா கோபித்துக்கொள்ளவில்லை. நான் எழுந்து வெளியே போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்க்கிறார்.

ஜூன் 28, வெள்ளி

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மாமா குளித்துவிட்டு வந்து, சாயங்காலம் தான் சீக்கிரம் வந்துவிடுவதாகவும், எல்லோருமாகப் போய்ப் பாப்பாவை எடை போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றும் சொன்னார். டாக்டரிடம் நேரம்கூட வாங்கிவிட்டாராம்.

"வெள்ளிக்கிழமை அதுவுமாக் கொழந்தைய எடை போடுவாங்களா மாமா? கண்ணு பட்ரும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பாப்பா கன்னத்தில் அவர் சித்தி வைத்த மைப் பொட்டை ஈரத்துணியால் துடைத்து எடுத்தவள் நான். அதை அவர் சொல்லிக்காட்டவில்லை.

"போன வாரம் செவ்வாய்க்கிழமைன்ன" என்றார்.

"செவ்வாயும் வெள்ளியும் யாருமே போட மாட்டாங்க" என்றேன்.

சொன்ன பிறகு அந்த வாக்கியம் என் முன்னாலேயே நின்றது. பதினொன்று, பதினான்கு, பதினெட்டு, இருபத்தொன்று, இருபத்தைந்து. தோசை கருகியது. கரண்டியோடு போய் எமிலி சிஸ்டரைக் கூப்பிட்டேன். உங்கள் வார்டில் செவ்வாய், வெள்ளியில் குழந்தைகளை எடை போடுவீர்களா என்று கேட்டேன்.

"சில அம்மாக்க உடறதில்லீங்க" என்றார் சிஸ்டர். "கண்ணு படும், எறங்கிப்போகும்னு புடிச்சுக்குவாங்க. அழ வெச்சு எதுக்குங்க? முந்துன நாள் எடையிலயே பாலக் கணக்குப் போட்டுக் குடுத்துருவோம். மத்தியானமா அந்த எடையவே கம்ப்யூட்டர்லயும் அடிச்சு உட்ருவோம். இல்லாட்டி நாள முடிக்க உடாதுங்களே உங்க கம்ப்யூட்டரு."

ஆக, காலையில் கணக்குப் போடும்போது எடை என்ற கட்டம் காலி. நான் பார்க்கும்போது நிரம்பியிருக்கும். மதியத்துக்கு மேல் திறந்து பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும், எத்தனை நாளானாலும் எனக்கு அந்தக் காலி தெரிந்திருக்காது. முன்னாலேயே சொல்லவில்லையே சிஸ்டர் என்றேன். எல்லா ஆஸ்பத்திரியிலும் நடப்பதுதானே என்றார். அதுவும் சரிதான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கே தோன்றவில்லை.

அலுவலகம் போய் இன்றைய பதிவைத் திறந்தேன். இரண்டு குழந்தைக்கு எடை இருக்க வேண்டிய இடத்தில் 'நல்'. டேட்டாபேஸில் நல் என்றால் பூஜ்யம் இல்லை. தெரியாது, இன்னும் சொல்லப்படவில்லை என்று பொருள். அந்தத் தெரியாததையும் ஃபங்க்ஷன் சி புரோகிராமிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. அங்கே அந்தக் கவனமான வரி. எடை வந்திருந்தால் மட்டும் எடுத்துக்கொள். வரவில்லை. அதனால் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதன் கையில் அதற்கு முந்திய குழந்தையின் எடை அப்படியே இருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டு, தசமப் புள்ளி வரைக்கும் சுத்தமாகப் பதில் சொல்லியிருக்கிறது. எடை தெரியாது என்று சொல்வதற்கு அதற்கு ஒரு வழியும் யாரும் வைக்கவில்லை. கேட்டவர்களுக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும், சொன்னது.

அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அந்த வரிக்குப் பக்கத்தில், அன்று நான் வாசிக்காமல் தாண்டிய இடத்தில், காலி வந்தால் புரோகிராம் நின்றுவிடுகிறது, இது தற்காலிக ஏற்பாடு என்று குறிப்பும், கையெழுத்தாக எஃப் என்ற எழுத்தும் இருந்தன. அண்ணாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அது வேற எஃப்பா இருக்கும்" என்றார். பிறகு எப்படி மக்களே பிடிச்ச என்று கேட்டார். வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது தற்செயலாக என்றேன்.

சாயங்காலம் டாக்டர் நேரம் கொடுத்திருந்தார். வேலை முடிந்து வர ஏழரை ஆகிவிட்டது.

ஜூன் 29, சனி

எல்லோருக்கும் விடுமுறை. நானும் அண்ணாவும் மட்டும் போனோம். பாப்பாவை மாமா பார்த்துக்கொண்டார்.

ஃபங்க்ஷன் அனுப்புவதோடு இன்னும் ஒன்றைச் சேர்த்தேன்: எடை இருக்கிறதா, இல்லையா என்று சொல்லும் ஓர் அடையாளம். இல்லை என்றால் சி புரோகிராம் பழைய எடையைத் தொடக் கூடாது. பால் அளவு சொல்லவும் கூடாது. அண்ணாவுக்கு இதில் இஷ்டமில்லை. திரை காலியாக இருந்தால் ஆஸ்பத்திரியில் சண்டைக்கு வருவார்கள், நேற்றைய எடையை நாமே எடுத்துப் போட்டுச் சத்தமில்லாமல் ஒரு நம்பரைக் கொடுத்துவிடலாம் என்றார். "நம்பர் வந்துட்டா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"அதுதாண்ணா இத்தன நாளும் நடந்துச்சு" என்றேன்.

அண்ணா தன் நாற்காலியை என் திரைப் பக்கம் இழுத்துப் போட்டார். கடைசியில் இப்படி முடிவானது. எடை இல்லையென்றால், இன்றைய எடை தெரியவில்லை என்று திரையில் சிவப்பில் வரும். கீழே நேற்றைய எடையும் அதன் தேதியும் இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போடலாம் என்று நர்ஸ் தானே அழுத்தினால்தான் மில்லி வரும். காலி, பூஜ்யம், பெரிய குழந்தைக்குப் பிறகு சின்னக் குழந்தை என்று எல்லா விதமாகவும் கொடுத்துப் பார்த்தோம். தெரியாத இடத்தில் தெரியாது என்றே சொன்னது. பார்க்க என்னவோ போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மாமா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். ஒரு மணி நேரமாக நடக்கிறாராம். ஃபிரிட்ஜில் இருந்த பால் காலையிலேயே தீர்ந்துவிட்டது என்றார். கேட்கிற மாதிரி சொல்லவில்லை.

ஜூலை 1, திங்கள்

கைக்கணக்கு நின்றது. எல்லாக் குழந்தைக்கும் சரி. எல்லோரும் எடை போட்டிருந்தார்கள், எனவே இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. நாளைக்குத்தான்.

ஜூலை 2, செவ்வாய்

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். எமிலி சிஸ்டர் நான் நினைத்ததைவிடக் குள்ளம். புது நர்ஸ் ஒருத்தி தராசோடு கட்டில் கட்டிலாகப் போனாள். மூன்றாவது கட்டிலில் இருந்த பெண் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்றாள். பெயர் தெய்வானை. இருபது வயதுக்குமேல் இருக்காது. நர்ஸ் கட்டத்தைக் காலியாக விட்டாள். கணக்கு ஓடியது. மற்ற குழந்தைகளுக்கு மில்லி வந்தது. தெய்வானையின் குழந்தைக்கு மட்டும், இன்றைய எடை தெரியவில்லை என்று சிவப்பில் வந்தது. போன மாதமாக இருந்தால் இரண்டாவது கட்டில் குழந்தையின் பால் வந்திருக்கும். சிஸ்டர் நேற்றைய எடையைப் பார்த்து, தேதியைப் பார்த்து, அழுத்தினார். சரியான பால் வந்தது. "இது பரவால்லீங்க" என்றார். அவரிடமிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

கிளம்பும்போது தெய்வானையின் கட்டில் ஓரமாக நின்றேன். கிழமை பார்ப்பதில் அவ்வளவு நம்பிக்கையா என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

அவள் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அதெல்லாம் இல்லீங்கக்கா. நேத்து எடை ஏறலைன்னு சொன்னாங்க. இன்னைக்கும் ஏறலைன்னா என்ற பாலு பத்தலைன்னுதானே ஆகும். கெழமையச் சொன்னா ஒருத்தரும் மேக்கொண்டு கேக்கறதில்லீங்க."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். அவள் தலையாட்டினாள். பஸ்ஸில் வரும்போது இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மதியம் சர்வர் அறைக்குப் போகவில்லை. மாமாவுக்கு ஃபோன் செய்து, இன்றைக்குச் சாயங்காலம் டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"செவ்வாய்க்கிழமையாச்சே" என்றார்.

"தெரியும் மாமா."

"சரி" என்றார். "அஞ்சு மணிக்கு வந்தர்றேன்."

தராசில் வைத்ததும் பாப்பா ஒரு காலை மட்டும் தூக்கிக்கொண்டு கிடந்தாள். நான்கு கிலோ எழுநூறு. போன தடவைக்கும் இதற்கும் ஐம்பது கிராம்தான் வித்தியாசம். டாக்டர் அந்த எண்ணை எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். பால் எப்போதிலிருந்து குறைகிறது என்று கேட்டார். வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து இருக்கும் என்று மாமா சொல்லத் தொடங்கினார்.

"அதுக்கு முன்னாடியிருந்தேங்க டாக்டர்" என்றேன். "மூணாவது மாசத்துல இருந்தே. நான் யார்கிட்டயும் சொல்லலைங்க."

மாமா என் பக்கம் திரும்பவில்லை. பாப்பாவுக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார்.

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எடையை வைத்துக் கணக்குப் போட்டு, தாய்ப்பாலோடு பவுடர் பாலும் கொடுக்கச் சொல்லி, ஒரு வேளைக்கு எத்தனை மில்லி என்று எழுதினார். வாரா வாரம் எடை பார்க்க வேண்டும் என்றார். எந்தக் கிழமையில் வரச் சொல்லட்டும் என்று கேட்டார். எதுவானாலும் சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து கலக்கிக் கொடுத்தேன். முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள். நடுவில் மூச்சு வாங்கக்கூட விடவில்லை. நெற்றியில் வியர்வை வந்துவிட்டது. முடிந்ததும் பாட்டிலை எடுக்க விடாமல் இரண்டு கையாலும் பிடித்தாள். இன்னும் கொஞ்சம் தரலாமா என்று மாமா டாக்டருக்கே ஃபோன் செய்து கேட்டார். கேட்டால் கொடுங்கள் என்றார்.

மாமா வெந்நீர் வைக்கப் போனார். அவர் திரும்பி வரும் வரைக்கும் பாப்பா சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.